தெரியாக்கி மீன்: சாறு கருகாமலும் மீன் வறளாமலும் பளபளப்பு ஏற்றுவது எப்படி?

#1 வாணலி

தெரியாக்கி என்பது சோயா சாஸ், சர்க்கரை சேர்ந்த பளபளப்பான சாற்றை (கிளேஸ்) மேலே ஏற்றிச் சமைக்கும் ஜப்பானிய முறை. அந்தக் கிளேஸ் மீனில் கெட்டுப்போவது பெரும்பாலும் அளவால் இல்லை, நேரத்தால். இரண்டு செ.மீ. கனமுள்ள மீன் துண்டு வேக 6, 7 நிமிடம் வேண்டும். சர்க்கரைச் சாறோ சூடான வாணலியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் மேலே கருகல், உள்ளே பச்சை. அதனால் மீன் முக்கால்வாசி வெந்த பிறகுதான் சாறு உள்ளே போக வேண்டும்.

ஜப்பானிய வீடுகளில் குளிர்காலத்தில் செய்யும் புரி தெரியாக்கி இதைக் கற்றுக்கொள்ள நல்ல உதாரணம். புரி என்பது கொழுப்பு நிறைந்த யெல்லோடெயில் மீன். தோயாமா பக்கம் ஹிமி துறைமுகத்தில் குளிர்காலத்தில் இறங்குவதற்கு அங்கே தனி மதிப்பு. அதே முறை சால்மனுக்கும் நம் கொடுவாவுக்கும் பொருந்தும்.

4 துண்டுக்கு அளவு (ஒவ்வொன்றும் 130–150 கிராம்):

ஜப்பானிய சோயா சாஸ் – 45 மி.லி. (3 மேசைக்கரண்டி)
மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) – 45 மி.லி.
சாகே (அரிசி மது) – 45 மி.லி.
சர்க்கரை – 12 கிராம் (1 மேசைக்கரண்டி)

முதலில் மீனின் எடையில் 1 சதவீதம் உப்பு, அதாவது 600 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு பக்கமும் தூவி 15–20 நிமிடம் சாய்வான தட்டில் வையுங்கள். மேலே நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். மீன் வாடையின் பெரும்பகுதி அந்த நீரோடு வெளியேறுகிறது. சட்டென்று ஒருமுறை கழுவி, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். துண்டின் மேல்பக்கம் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. ஈரம் இருந்தால் மீன் வறுபடாமல் ஆவியில் வேகும், பிறகு வாணலியில் ஒட்டும்.

26–28 செ.மீ. வாணலி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீ. தோல் கீழே இருக்கும்படி வைத்து, முதல் 20–30 விநாடி தட்டைக் கரண்டியால் லேசாக அழுத்துங்கள். இல்லையென்றால் தோல் சுருங்கி நடுப்பகுதி வாணலியை விட்டுத் தூக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் பாருங்கள்: வெந்த வெளிர் நிறம் கீழிருந்து மேலே ஏறி வரும். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் (4 நிமிடம் போல) திருப்பி இன்னும் ஒரு நிமிடம்.

அடுத்து வருவது பலரும் விட்டுவிடுகிற வேலை. அடுப்பை அணைத்து, வாணலியைச் சாய்த்து, தேங்கிய எண்ணெய் முழுவதையும் டிஷ்யூவால் துடைத்து எடுங்கள். எண்ணெய்ப் படலத்தின் மேல் சாறு ஒட்டாது, வழுக்கி இறங்கும். அந்த எண்ணெயில்தான் மீன் நெடியும் இருக்கிறது.

பிறகு கலந்து வைத்த சாற்றை மீனைச் சுற்றி ஊற்றி, மிதத்துக்குச் சற்று மேலே தீயை ஏற்றுங்கள். முதலில் சின்னச் சின்னக் குமிழி வேகமாகக் கிளம்பும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் குமிழி பெரிதாகி மெதுவாக உடையும். அந்த நேரம் முழுவதும் கரண்டியால் சாற்றை மொண்டு மீன்மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். கரண்டியால் வாணலியின் அடியில் கோடு இழுத்தால் அந்தத் தடம் ஒரு விநாடி நின்று மூட வேண்டும். அங்கேயே இறக்குங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும். வாணலியிலேயே தேன் பதத்துக்குக் கொண்டுவந்தால் தட்டில் பிசினாகிவிடும்.

#2 நாகூர் மீன்கூடை

தெளிவாக இருக்கிறது அண்ணா. சாகே, மிரின் இரண்டிலும் ஆல்கஹால் உண்டு. எங்கள் வீடு மாதிரி அது அறவே சேராத வீடுகளில் என்ன செய்வது? வெறும் தண்ணீரும் சர்க்கரையும் போட்டால் நிறம் வருகிறது, பளபளப்பு வருவதில்லை.

#3 சிங்கை அடுக்களை

பளபளப்பு குறையக் காரணம் ஆல்கஹால் இல்லாதது அல்ல. உண்மையான மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹாலும் நிறைய குளுக்கோஸும் அதைவிடப் பெரிய சர்க்கரை மூலக்கூறுகளும் இருக்கின்றன. அரிசி மாவுச்சத்து உடைந்து வந்தவை அவை. சாற்றுக்குக் கனம் கொடுத்து, சர்க்கரை மணல்போல் உறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான். வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் அந்த வேலை நடக்காது.

கேக் சாமான் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். ஆல்கஹால் இல்லாத அளவு (4 துண்டுக்கு):

சோயா சாஸ் – 45 மி.லி.
தண்ணீர் – 60 மி.லி.
சர்க்கரை – 24 கிராம்
லிக்விட் குளுக்கோஸ் – 1 தேக்கரண்டி
அரிசி வினிகர் – அரைத் தேக்கரண்டி, இறக்குவதற்கு முன்

கொம்பு என்னும் உலர் கடற்பாசி கிடைத்தால் அந்தத் தண்ணீரில் 3 செ.மீ. துண்டை அரை மணி நேரம் ஊறப்போட்டு எடுத்துவிடுங்கள். சாகே தரும் சுவை ஆழத்தில் ஒரு பகுதியை அது ஈடுகட்டும்.

மிரின் பாட்டில் வாங்குகிறவர்களுக்கு: "மிரின் சுவைத் தயாரிப்பு" என்று வருவதில் ஆல்கஹால் 1 சதவீதத்துக்கும் குறைவு, பெரும்பாலும் சர்க்கரைப் பாகு. கிளேஸுக்கு அது கெடுதல் இல்லை. உப்பு சேர்த்த வகையும் இருக்கிறது. பின்பக்கம் படித்துவிட்டு சோயாவைக் குறையுங்கள். அறவே ஆல்கஹால் தவிர்ப்பவர்கள் இரண்டு நிமிடக் கொதியில் அது முழுதும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். போகாது. சில சோயா சாஸ்களிலும் நொதித்தலால் வந்தது, கெடாமலிருக்கச் சேர்த்தது என்று கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

#4 ஸ்காபரோ குசினி

வாணலி சொன்ன முறை நல்லது. ஆனால் ஆறு, எட்டுத் துண்டு செய்யிறவைக்குப் போறணைதான் (ஓவன்) வசதி. கனடாவிலை சால்மன் தோலோடை பெரிய பக்கமாக வரும், அதைத் துண்டாக்கினால் ஒரே கனத்துக்கு வராது. வால்பக்கத் துண்டுகளைத் தனித் தட்டிலை வைச்சு 3 நிமிடம் முந்தி எடுக்க வேணும்.

போறணையிலை முக்கியமான வித்தியாசம்: சாறு முன்கூட்டியே கெட்டியாக்கி இருக்க வேணும். வாணலியிலை சாறு மீனோடை சேர்ந்து வற்றும், போறணையிலை அப்பிடி வற்றாது. நீர்த்த சாற்றைப் பூசினால் வழிஞ்சு தட்டிலை விழுந்து கருகும். மீன் வெறுமனே நிற்கும். 135 மி.லி. சாற்றைச் சின்னச் சட்டியிலை 60–65 மி.லி. ஆகும்வரை வற்றவிட்டு ஆற வையுங்கோ. கரண்டியின்ரை முதுகிலை படிஞ்சு நிற்க வேணும்.

போறணை 400 பாரன்ஹீட் (சுமார் 200 செல்சியஸ்). தட்டிலை ஃபாயில், அதுக்கு மேலை எண்ணெய் தடவின கம்பித்தட்டு. மீனை ஒண்டும் பூசாமல் 5 நிமிடம் விடுங்கோ. வெளியிலை எடுத்து முதல் பூச்சு, 2 நிமிடம். திரும்ப ஒரு பூச்சு, 2 நிமிடம். பிறகு மேல்தணல் மட்டும் போட்டு, மேலை இருக்கிற சூட்டுக் கம்பியிலையிருந்து 15 செ.மீ. தள்ளி வைச்சு 1 நிமிடம். இந்த ஒரு நிமிடம் கதவுக்குப் பக்கத்திலையே நில்லுங்கோ. ஓரத்திலை சின்னக் கறுப்புப் புள்ளிகள் வந்தவுடனே எடுக்க வேணும்.

மெல்லிய இரண்டு பூச்சு, தடிப்பான ஒரு பூச்சை விட எப்பவும் நல்லது. முதல் பூச்சு காய்ஞ்சு பிடிச்சால்தான் அடுத்தது அதிலை ஒட்டும்.

#5 முத்துநகர்

எந்த மீன் என்பதைப் பேசாமல் நிமிடக் கணக்கு சொல்வது பாதிதான்.

புரி நம்ம பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனா பாறையில் அவ்வளவு கொழுப்பு கிடையாது. பாறையை இந்த முறையில் செய்தால் ஒன்றரை நிமிடம் குறைவாக வேகவைக்கணும், இல்லையென்றால் நார்நாராகிவிடும். இங்கே புரிக்கு நெருக்கமாக நிற்பது கடல் விரால். சதை கெட்டி, கொழுப்பும் உண்டு, சூட்டை மன்னிக்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் குஞ்சு பொரிக்கவைத்த மீன் இது. கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்க.

கொடுவா தோலோடு வேண்டும். செதில் சுத்தமாக எடுத்திருக்கணும், தோலில் கத்தியால் மூன்று மெல்லிய கீறல். தோல் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் சாறு தோலில் படவே கூடாது; சதைப்பக்கம் மட்டும் கரண்டியால் ஊற்றணும்.

வஞ்சிரம் வழக்கமாகக் குறுக்கே வெட்டிய துண்டாகத்தான் வரும், நடுவில் முள்ளோடு. கிளேஸுக்கு அது தடையில்லை. ஆனா கடைக்காரர் வறுவலுக்கு வெட்டுகிற ஒரு செ.மீ. கனம் போதாது, "ரெண்டு செ.மீ. கனமா போடுங்க" என்று கேட்டு வாங்கணும். மெல்லிய துண்டு சாறு வற்றும் அந்த இரண்டு நிமிடத்திலேயே சக்கையாகிவிடும்.

காலா மீனை "இந்தியன் சால்மன்" என்று விற்கிறாங்க. நல்ல மீன், ஆனா சால்மன் குடும்பமே இல்லை. வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு. சால்மன் நேரத்தை அதுக்கு வைக்காதீங்க.

பாசா இருக்கிறதிலேயே கடினம். நீர் அதிகம், சதை தளர்வு. சாறு ஊற்றியதும் மீன் விடுகிற நீரில் அது நீர்த்துப்போய், வற்றக் காத்திருக்கிற நேரத்தில் மீன் உடைந்துவிடும். பாசாவுக்கு ஒரே வழி: மீனைத் தனியாக வறுத்துத் தட்டில் எடுத்துவிட்டு, வாணலியைத் துடைத்து, சாற்றை மட்டும் வற்றவிட்டு, கடைசி 20 விநாடியில் மீனைத் திருப்பிப் போட்டுப் புரட்டுவது.

#6 களவா

மெல்லிய துண்டுகள் எல்லாவற்றுக்குமே முத்துநகர் கடைசியாகச் சொன்ன வழிதான் சரி. சங்கரா, விளைமீன் ஃபில்லட் ஒன்றரை செ.மீ. தாண்டாது.

வாணலி மாவு தூவுவதைப் பற்றிச் சொல்லவில்லை. ஜப்பானில் பல வீடுகளில் உருளைக்கிழங்கு மாவுச்சத்தோ கோதுமை மாவோ மெல்லிசாகத் தூவித்தான் வறுக்கிறார்கள். சாறு பிடித்துக்கொள்ள அது பெரிய உதவி. 4 துண்டுக்கு 2 தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் போதும். தூவி, தட்டி உதறி, உடனே வாணலியில் போட வேண்டும். ஐந்து நிமிடம் விட்டாலே மீனின் ஈரத்தில் ஊறி கூழாகிவிடும்.

#7 வாணலி

விட்டது தெரிந்தேதான், களவா. கொழுப்புள்ள, தோலோடு கூடிய சால்மனுக்கு மாவு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மாவு சாற்றை உறிஞ்சித் தடித்த உறை மாதிரி ஆகிறது. கண்ணாடி போன்ற மினுக்கு மங்கிவிடுகிறது. மேலும் அந்த மாவு சாற்றுக்குள் கரைந்து, உண்மையில் வற்றுவதற்கு முன்பே வற்றியது போல் காட்டும். பதம் பார்ப்பது கஷ்டம்.

கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீனுக்கு நீங்கள் சொல்வது சரி. கடல் விராலுக்குக்கூடத் தூவலாம். பாசாவுக்குக் கட்டாயம்.

#8 களவா

சால்மனுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புரிக்கே மாவு தூவுகிற வீடுகள் நிறைய. மினுக்கு மங்குவதைவிட, ஆறிய பிறகும் டிபன் பாக்ஸில் சாறு மீனோடு நிற்பதற்காக. உடனே சாப்பிடுவதானால் மாவு வேண்டாம், மதியத்துக்குக் கட்டிக்கொடுப்பதானால் மாவு வேண்டும்.

சாற்றிலேயே கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவது வேறு விஷயம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1976 வாக்கில் தொடங்கிப் பரவிய தெரியாக்கிக் கடைகள் கோழிக்கு ஊற்றும் சாறும், பாட்டிலில் வரும் "தெரியாக்கி சாஸும்" அந்தப் பக்கம் சாய்ந்தவை. இஞ்சி, பூண்டு, சில வேளை அன்னாசி என்று போகும். சோற்றுக்குமேல் ஊற்ற நன்றாக இருக்கும். மீன்மேல் ஆறியதும் தோல் கட்டும்.

#9 அடுப்படி

மூன்று சந்தேகம். ஒன்று, சாறு கசக்கிறது, ஆனால் கறுப்பாகத் தெரியவில்லை. இரண்டு, சில நாள் மணல் மணலாக உறைகிறது. மூன்று, சால்மன் பக்கவாட்டில் வெள்ளையாகத் தயிர்த் திப்பி போல ஒன்று வழிந்து கிளேஸைக் கெடுக்கிறது.

#10 சிங்கை அடுக்களை

கசப்பு: சோயா சாற்றின் நிறம் ஏற்கெனவே கறுப்பு, அதனால் கருகலைக் கண்ணால் பிடிக்க முடியாது. மூக்கால்தான் பிடிக்க வேண்டும். சாற்றில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 105 டிகிரியைச் சுற்றியே நிற்கும். தண்ணீர் தீர்ந்ததும் கிடுகிடுவென ஏறும். மணம் இனிப்பிலிருந்து காரமான புகைக்கு மாறும். அந்த மாற்றத்துக்கு முன் அரை நிமிடம்கூட இருக்காது. குமிழி பெரிதாகத் தொடங்கியதும் கையில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எல்லை மீறும்போல் தெரிந்தால் ஊற்றிவிட்டால் சூடு சட்டென்று இறங்கும். கசந்த பிறகு எதுவும் காப்பாற்றாது. சாற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

வாணலியின் அளவும் காரணமாக இருக்கலாம். இரண்டு துண்டுக்கு 28 செ.மீ. வாணலி என்றால் காலி இடத்தில் சாறு மெல்லிய படலமாகப் பரவி, மீன் பக்கம் நன்றாக இருக்கும்போதே ஓரத்தில் கருகிவிடும். இரண்டு துண்டுக்கு 20 செ.மீ. போதும்.

மணல்: சர்க்கரை கரையாமலே கொதிக்க விடுவது அல்லது அளவுக்கு மேல் வற்றவிடுவது. சாற்றை முன்பே கலந்து, அடியில் ஒரு துகள்கூட இல்லாதபடி கரைத்த பிறகே ஊற்றுங்கள். லிக்விட் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் இந்தப் பிரச்சினை வராது.

வெள்ளைத் திப்பி: அது அல்புமின் புரதம். சதை வேகமாகச் சுருங்கும்போது பிழிந்து வெளியே தள்ளப்படுகிறது. தீயைக் குறைத்தால் குறையும். முன்னுப்பு போடுவதற்குப் பதிலாக 5 சதவீத உப்புநீரில் (1 லிட்டருக்கு 50 கிராம்) 15 நிமிடம் ஊறவைத்து ஒற்றினால் இன்னும் குறையும். உப்பு மேல்பகுதிப் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுவதால் சுருக்கம் குறைகிறது. வந்துவிட்டால், சாறு ஊற்றுவதற்கு முன் டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள்.

#11 நாகூர் மீன்கூடை

சர்க்கரைக்குப் பதில் தேன் போடலாமா? வெல்லம், கருப்பட்டி?

#12 ஸ்காபரோ குசினி

தேன் போடலாம், ஆனால் தேனிலை ஃபிரக்டோஸ் அதிகம். அது 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும். சாதாரணச் சீனிக்கு 160 வேணும். ஆனபடியால் தேன் சாறு போறணையின் மேல்தணலுக்குக் கீழை சரிவராது. வாணலியிலை, அதுவும் பாதிச் சீனி பாதித் தேன் எண்டால் பரவாயில்லை.

#13 முத்துநகர்

வெல்லத்திலும் ஏற்கெனவே உடைந்த சர்க்கரை கொஞ்சம் இருக்கு, சீக்கிரம் சிவக்கும். தூசி, சக்கை இருக்கும், கரைத்து வடிகட்டணும். மினுக்கு குறையும், சுவை நல்லாவே இருக்கும். கருப்பட்டி சோயா சாஸோடு சண்டை போடும். இரண்டுமே தனி மணம் உள்ளவை. கருப்பட்டிதான் போடுவேன் என்றால் மொத்த இனிப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

எண்ணெய் பற்றி ஒன்று. வெளிநாட்டுக் குறிப்புகளில் "எள் எண்ணெய்" என்று வருவது வறுத்த எள்ளில் எடுத்தது. நம்ம நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, வாசனையே வேறு. மீன் வறுக்க நல்லெண்ணெய் தாராளமாக ஆகும். வறுத்த எள் எண்ணெயில் வறுக்கக் கூடாது, சூட்டில் கசந்துவிடும். வேண்டுமென்றால் இறக்கிய பிறகு கால் தேக்கரண்டி.

#14 அடுப்படி

உப்பு தூக்கலாக இருக்கிறதே? 45 மி.லி. சோயா, அதுக்கு மேல் முன்னுப்பு.

#15 வாணலி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜப்பானிய சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 2.6 கிராம் உப்பு. மூன்றுக்கு 7.8 கிராம். சாறு வற்றினாலும் உப்பு எங்கும் போகாது, 60 மி.லி.க்குள் அவ்வளவும் நிற்கும். மீன்மேல் ஒட்டுவது அதில் பாதி போல. மீதி வாணலியிலும் தட்டிலும். அதைத் துடைத்து வழித்துச் சாப்பிட்டால் உப்புதான். முன்னுப்பைக் கழுவாமல் விட்டாலும் உப்புதான்.

உப்பு நீக்கிய, குறைந்த உப்பு சோயா சாஸ் கிடைத்தால் கிளேஸுக்கு அதுதான் சிறந்தது. சாதாரண வகைதான் உள்ளதென்றால் 35 மி.லி. சோயா, 10 மி.லி. தண்ணீர்.

கடைகளில் "டார்க் சோயா" என்று வருவதை இதற்கு எடுக்காதீர்கள். நூடுல்ஸுக்கு நிறம் கொடுக்கச் செய்த சாஸ் அது. கேரமல் நிறம் சேர்ந்திருக்கும். மீன் தார் பூசிய மாதிரி ஆகும், பதம் பார்க்கவும் முடியாது. சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் மட்டும் எழுதியிருக்கிற, நொதிக்கவைத்த சாஸ் பாருங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கோதுமை சேராத தமாரி வகையைத் தேட வேண்டும்.

#16 களவா

இறக்கும் சூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முனை மெல்லிய டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டிலிருந்து நடுச்சதைக்குள் செருகிப் பாருங்கள். பண்ணைச் சால்மன் 50–52 டிகிரியில் இறக்கினால் சாறு நிறைந்து இருக்கும். தட்டில் இன்னும் 2, 3 டிகிரி ஏறும். வெள்ளைச் சதை மீன் 57–60. அமெரிக்க அரசின் பாதுகாப்பு வழிகாட்டல் 63 டிகிரி என்கிறது. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடுவதானால் 63 வரை கொண்டுபோங்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். கொழுப்புள்ள மீன் அந்தச் சூட்டிலும் மோசமாக இருக்காது.

இன்னொன்று, சூட்டால் தீராதது. புரி, சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் சேரும். அதை எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு வரும். இனிப்புச் சாறு பழைய மீனின் சுவையை மறைத்துவிடும் என்பதால் இந்தச் சமையலுக்குத்தான் புது மீன் இன்னும் முக்கியம்.

#17 சிங்கை அடுக்களை

உறைந்த ஃபில்லட் வாங்குகிறவர்கள் கவனிக்க: அதன்மேல் கண்ணாடி மாதிரி இருக்கும் பனிப்பூச்சு, மீன் காயாமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசுவது. உறைமீன் ஃபில்லட்டுக்கான கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர விதிகள்) தரத்தின்படி நிகர எடையில் அந்தப் பனி சேரக் கூடாது. சோதிக்க, குளிர்நீரில் பனிப்படலம் போகும்வரை மட்டும் அலசி, ஒற்றி, உடனே எடை போடுங்கள்.

உருக வைப்பது குளிர்பதனப்பெட்டியின் கீழ்த்தட்டில், ஓர் இரவு, கம்பித்தட்டின் மேல். காற்றுப்புகாத உறையில் வந்த மீனானால் உருகுவதற்கு முன்பே உறையைக் கிழித்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக்கிருமிக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. உருகிய மீன் புது மீனைவிட அதிகம் நீர் விடும். முன்னுப்பு 20 நிமிடம் முழுதாக வையுங்கள், ஒற்றுவதும் இரண்டு முறை.

#18 அடுப்படி

முதல் நாளே சாற்றில் ஊறவைத்தால் சுவை உள்ளே போகாதா? இஞ்சியும் மிளகாய்த்தூளும் சேர்த்து?

#19 வாணலி

ஊறவைத்து வாட்டும் முறை தனியே இருக்கிறது. யூவான்யாக்கி என்பது சோயா, மிரின், சாகே சம அளவில் கலந்து யூசு என்னும் எலுமிச்சை வகை வட்டங்கள் போட்டு, மீனை 20–30 நிமிடம் ஊறவைத்து, நன்றாக ஒற்றிவிட்டுத் தணலில் வாட்டுவது. சைக்கியோ மிசோ என்னும் இனிப்பான, நொதித்த சோயா விழுதில் இரண்டு மூன்று நாள் புதைத்து வைக்கும் கியோத்தோ முறையும் அப்படித்தான். வாட்டும் முன் மிசோவை முழுக்கத் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முதலில் கருகுவது அதுதான். இரண்டிலும் சுவை சதைக்குள் இறங்கும், மேல்பூச்சு மெல்லியது. தெரியாக்கியில் சதை மீனாகவே இருக்கும், சுவை மேலே நிற்கும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் உப்பு கூடி, சதை இறுகி, வாணலியிலும் ஒட்டும்.

பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. இரவு முழுதும் ஊறினால் மீனின் மேல்பகுதி மாவாகிவிடும். இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டியைக் கடைசி அரை நிமிடத்தில் சேருங்கள், மணமும் அப்போதுதான் நிற்கும்.

மிளகாய்த்தூள் சர்க்கரையில் சேர்ந்தால் உடனே கருகிக் கசக்கும். காரம் வேண்டுமானால் இறக்கியபின் மிளகு கொரகொரப்பாக இடித்துத் தூவுங்கள்.

#20 ஸ்காபரோ குசினி

தேசிக்காய்ப் புளியும் அப்பிடித்தான், சாப்பிடேக்கை பிழிஞ்சால் போதும். பக்கத்திலை முள்ளங்கியைத் துருவி, கையால் லேசாகப் பிழிஞ்சு ஒரு குவியல் வையுங்கோ. ஜப்பானிலும் அதுதான் வழக்கம். கொழுப்பு மீனுக்கும் இனிப்புச் சாற்றுக்கும் அந்த உறைப்பு நல்லாய்ப் பொருந்தும்.

#21 நாகூர் மீன்கூடை

கடைசியாக இரண்டு. இரும்பு தோசைக்கல்லில் செய்யலாமா? 10 பேருக்கு வாணலியிலேயே செய்வதென்றால் எப்படி?

#22 வாணலி

மீனை வறுக்க இரும்புக்கல் அருமை. சாறு அதில் வேண்டாம். உப்பும் இனிப்பும் சேர்ந்த நீர்ச்சாறு கொதித்தால் கல் பழகிய எண்ணெய்ப்பூச்சு உரியும், அடுத்த நாள் தோசை ஒட்டும். கல்லில் மீனை வறுத்துவிட்டு, எவர்சில்வர் அல்லது நான்ஸ்டிக் வாணலியில் சாற்றை வற்றவிட்டு, மீனை அதில் போட்டுப் புரட்டுங்கள். சாறு வற்றிய வாணலியில் சூடு இருக்கும்போதே வெந்நீர் ஊற்றிவிட்டால் பத்து நிமிடத்தில் தானாகக் கரையும், சுரண்ட வேண்டாம்.

10 துண்டுக்கு: சாற்றை இரண்டரை மடங்கு கலந்து (சோயா 110 மி.லி., மற்றவையும் அதே விகிதம்) தனிச் சட்டியில் பாதியாகும்வரை வற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். மீனை மூன்று ஈடாக, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டு வறுங்கள். நெருக்கி அடுக்கினால் நீர் விட்டு வேகும். வறுத்ததைக் கம்பித்தட்டில் வையுங்கள். தட்டில் அடுக்கினால் அடிப்பக்கம் ஊறிப்போகும். எல்லாம் முடிந்ததும் வாணலியைத் துடைத்து, நான்கு நான்கு துண்டாக, ஒரு ஈட்டுக்கு 4 மேசைக்கரண்டி வற்றிய சாறு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி 40 விநாடி புரட்டினால் போதும். இரண்டாம் சூடு இருப்பதால் முதல் வறுவலில் ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள்.

மீன் படாத சாறு மிஞ்சினால் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப்பெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். பச்சை மீனைத் தொட்ட தூரிகையை அதில் முக்கியிருந்தால், அன்றைக்கே கொதிக்கவைத்துத் தீர்த்துவிடுங்கள்.